வானிலிருந்து பகலும் இரவும் பரந்த நிலத்தைக் கண்காணிக்கும் கேமராவைத் திட்டமிடுவது எப்படி?

ஒரு நகரத்தின் பெரும்பகுதியை விமானத்திலிருந்து தொடர்ந்து படமெடுக்க விரும்புபவர், கேமராவில் மொத்தம் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்று கேட்பதற்கு முன், ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று கணக்கிட வேண்டும். பிக்சலின் அகலத்தைப் பறக்கும் உயரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் அந்த அளவு கிடைக்கும். 5 மைக்ரோமீட்டர் பிக்சலும் 100 மில்லிமீட்டர் லென்ஸும் கொண்ட கேமரா 5,000 மீட்டர் உயரத்தில் இருந்தால், நேர்கீழே ஒரு பிக்சல் 25 சென்டிமீட்டர் தரையைக் காட்டும். நாலரை மீட்டர் நீளமுள்ள கார் 18 பிக்சல்களில் தெரியும். நடந்து செல்பவரோ வெறும் புள்ளிதான். இதே நுணுக்கத்தில் 25 சதுர கிலோமீட்டரைப் பதிவு செய்ய 40 கோடி பிக்சல்கள் தேவைப்படும். அமெரிக்காவின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பாவுக்காக உருவான ஆர்கஸ்-ஐஎஸ் என்ற வான்வழிக் கேமரா 368 பட உணரிகளை இணைத்து 180 கோடி பிக்சல்களை எட்டியதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இந்த நுணுக்கம் இரவில் கிடைக்காது. வெப்பத்தைக் காணும் 3 முதல் 5 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு உணரியின் பிக்சல் 15 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், அதே லென்ஸில் அதே கார் 6 பிக்சல்களாகச் சுருங்கிவிடும். பிக்சலைச் சிறிதாக்கினாலும் பெரிய பயன் இல்லை. அலைநீளம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகம் என்பதால், விளிம்பு விளைவே (லென்ஸின் துளையில் அலைகள் வளைந்து பரவுவது) படத்தை மங்கவைக்கும். ஆகவே இரவுக்கான தேவையை முதலில் முடிவு செய்து, தாழ்வாகப் பறப்பதா, சிறிய பரப்போடு நிறைவடைவதா என்று தேர்ந்தெடுப்பதே நல்லது. காலையிலும் மாலையிலும் தரையும் வாகனமும் ஒரே வெப்பநிலையை அடையும் சிறிது நேரம் உண்டு; அப்போது அகச்சிவப்புப் படம் வெறிச்சோடிவிடும் என்பதால், அந்நேரங்களில் பகல் கேமரா, அகச்சிவப்புக் கேமரா இரண்டையும் சேர்த்தே இயக்க வேண்டும். மேகம் மூடினால் இரண்டாலும் பயனில்லை.

அடுத்தது படவேகம். மணிக்கு 72 கிலோமீட்டரில் செல்லும் கார் ஒரு நொடியில் 20 மீட்டர் நகர்வதால், நொடிக்கு ஒரு படம் மட்டும் எடுத்தால் நெரிசலில் பின்னால் வரும் வண்டியை முன்னால் சென்றதென்று மென்பொருள் தவறாக இணைக்கக்கூடும். நொடிக்கு இரண்டு படமாக உயர்த்தினாலோ, ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் வீதம், 40 கோடி பிக்சல்களின் சுருக்காத பகல்பதிவே மணிக்கு ஏறக்குறைய 2.9 டெராபைட் ஆகும்.

பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் பார்ப்பது என்பவற்றையும் பறப்பதற்கு முன்பே வரையறுக்க வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2020-இல் பகலில் மட்டும் பறந்த திட்டத்தில் மனிதர்கள் புள்ளிகளாகவே தெரிந்தனர்; ஆயினும் பல நாள் தடங்களை இணைத்தால் அவர்கள் யாரென்று ஊகிக்க முடியும் என்பதைக் கருதிய கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிமன்ற ஆணையின்றிக் காவல்துறை அப்பதிவுகளை அணுகுவது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2021-இல் தீர்ப்பளித்தது.