கொள்ளைநோய்க் காலமும் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனா போன்ற தொற்று பரவும்போது ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். எக்ஸ்எல்ஏ என்ற பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ள பையனின் வீட்டில் இந்த எண்ணம் ஆபத்தானது. இந்த நோயில், ஆன்டிபாடியைத் தயாரிக்கும் வெள்ளையணுக்களான பி செல்கள் உருவாவதில்லை. அதனால் கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியை உடம்பு தயாரிப்பதில்லை. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றும் இம்யூனோகுளோபுலின், அதாவது மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிதான் அவனுக்குக் காவல். ஏற்றியதில் பாதி சுமார் மூன்று வாரத்தில் கரைந்துவிடும். இரண்டு தவணை தள்ளிப்போட்டால் புது வைரஸ் வருமுன்பே பாக்டீரியா நிமோனியா வந்து நிற்கலாம். கூட்டத்துக்குப் பயமாக இருந்தால் தவணையை விடாதீர்கள். ஆள் குறைந்த நேரம் கேளுங்கள், வீட்டிலேயே தோலுக்கடியில் செலுத்த முடியுமா என்றும் கேளுங்கள்.

அதற்காக அந்த இம்யூனோகுளோபுலின் பாட்டிலைக் கவசம் என்று நம்பிவிடவும் கூடாது. ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து (ரத்தத்தின் நீர்ப்பகுதி) அது தயாராகிக் கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். 2020 தொடக்கத்தில் ஏற்றிய பாட்டில்களில் கொரோனாவுக்கான ஆன்டிபாடி இருக்க வழியே இல்லை. அப்போது மாஸ்க்கும், தடுப்பூசி வந்தபின் வீட்டார் போட்டுக்கொண்ட ஊசியும்தான் உதவின. கபசுரக் குடிநீர் இல்லாத பி செல்லை உண்டாக்காது.

அப்புறம், ஆன்டிபாடி டெஸ்ட். தொற்று வந்திருந்தாலும் இவனுக்கு நெகட்டிவ் காட்டலாம். பின்னாளில் தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடியால் பாசிட்டிவ் காட்டலாம். இரண்டையும் நம்ப முடியாது. ஆர்டி-பிசிஆர்தான் வழி. அதிலும், மூக்கில் நெகட்டிவ் வந்தும் நுரையீரலில் வைரஸ் தங்கியிருந்த நோயாளிகள் உண்டு. காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், "பத்து நாள் தனிமை முடிஞ்சாச்சே" என்று விடாதீர்கள்.

எல்லாக் குறைபாட்டையும் ஒரே தராசில் போடுவதும் தவறு. எக்ஸ்எல்ஏ நோயாளிகள் சிலருக்கு கொரோனா லேசாகவே போனதை 2020-ல் இத்தாலிய மருத்துவர்கள் கவனித்தார்கள். ஏபிஎஸ்-1 என்ற இன்னொரு பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் பலருக்கோ, வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கும் தங்கள் இன்டர்ஃபெரானையே தாக்கும் ஆன்டிபாடிகள் இருந்ததால் நோய் கடுமையானது. அடுத்தவர் அனுபவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

"ஆன்டிபாடியே வராது, ஊசி எதுக்கு?" என்பார்கள். டி செல்கள் (வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் வேறு வகை வெள்ளையணுக்கள்) வேலை செய்பவர்களுக்கு கொரோனா ஊசியால் பலன் உண்டு. தவிர்க்க வேண்டியது உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த தடுப்பு மருந்தைத்தான், முக்கியமாகப் போலியோ சொட்டு மருந்தை. பிரிட்டனில் நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள ஒருவரின் குடலிலிருந்து அந்தச் சொட்டு மருந்து வைரஸ் சுமார் 28 ஆண்டுகள் வெளியேறிக்கொண்டே இருந்தது. வீட்டிலுள்ள தம்பி தங்கைக்கும் டாக்டரிடம் கேட்டுப் போலியோ ஊசியே போடுங்கள். சொட்டு மருந்து கொடுத்துச் சுண்டு விரலில் மை வைக்க வருகிறவரிடம் முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.