சிங்கப்பூர் சுற்றுலா: ரயில் பாஸும் நுழைவுச்சீட்டும் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

சிங்கப்பூருக்கு முதல்முறை போகும் பலர், கிளம்பும் முன்பே கண்ணில் பட்ட பாஸ் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். எங்கெங்கே போகப் போகிறோம் என்று எழுதி வைத்த பிறகுதான் டிக்கெட் பக்கமே போக வேண்டும். வரிசை இதுதான்.

1. காசில்லாத இடங்களைப் பிரித்து வையுங்கள்

மெர்லயன் பூங்கா, பொட்டானிக் கார்டன்ஸ், கார்டன்ஸ் பை த பேயின் வெளித்தோட்டங்கள் எல்லாம் இலவசம். அங்கே இருக்கும் சூப்பர்ட்ரீ செயற்கை மரங்களில் இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளிக்காட்சிக்கும் டிக்கெட் கிடையாது. அங்கேயே உள்ள கிளவுட் ஃபாரஸ்ட், ஃபிளவர் டோம் கண்ணாடிக் கூடங்கள், பொட்டானிக் கார்டன்ஸில் உள்ள ஆர்க்கிட் தோட்டம் ஆகியவற்றுக்குத்தான் காசு. செந்தோசா தீவுக்குள் நடைபாதை வழியாக நடந்தே போகலாம். உள்ளே ஓடும் பேருந்துகள் இலவசம்.

2. ஒரு நாளைக்கு எத்தனை பயணம்?

ரயிலிலும் பேருந்திலும் தூரத்துக்கு ஏற்றபடிதான் கட்டணம். ரயிலை விட்டு இறங்கி 45 நிமிடத்துக்குள் பேருந்து ஏறினால் தொடர் பயணமாகவே கணக்கிடுவார்கள். நகருக்குள் ஒரு பயணத்துக்குச் சுமார் இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் போக விடும், சுற்றுலாப் பயணிகளுக்கான பாஸின் விலையை நாட்களால் வகுத்து, அதை மறுபடி இரண்டால் வகுங்கள். தினமும் அத்தனை பயணத்துக்கு மேல் போவீர்கள் என்றால் மட்டும் பாஸ் வாங்குங்கள். பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகும் குடும்பம் நாளுக்கு நான்கு பயணம் போனாலே அதிகம். ஒருநாள் பாஸ் அவர்களுக்கு அநேகமாக நஷ்டம்தான்.

இன்னொன்று, இந்த பாஸில் நாள் என்பது காலண்டர் நாள், 24 மணி நேரம் இல்லை. மாலையில் வந்து இறங்கி அன்றே பயன்படுத்த ஆரம்பித்தால் ஒரு நாள் வீணாகும்.

3. தள்ளுபடியை நிதானமாகப் படியுங்கள்

"ஐந்து இடங்கள், ஒரே விலை" வகைச் சீட்டுகளில் உங்கள் பட்டியலில் இல்லாத இடங்களின் விலையை முதலில் கழித்துவிட்டுப் பாருங்கள். அந்த வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய இடங்களுக்கு மேல் நிம்மதியாகப் பார்க்க முடியாது. மண்டாயில் இருக்கும் மிருகக்காட்சிசாலை, நைட் சஃபாரி போல அருகருகே இருப்பவற்றுக்குச் சேர்த்து வாங்கினால் உண்மையிலேயே லாபம். இணையதளத்தில் மிகக் குறைந்த விலை தெரிந்தால் அது உள்ளூர்வாசிகளுக்கானதா என்று பாருங்கள்; வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். தேசிய அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம் என்பதும் குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர்களுக்குத்தான்.

4. எந்த அட்டை?

விசா, மாஸ்டர்கார்டு அட்டையையே ரயில் நிலைய நுழைவுக் கதவில் தட்டிப் போகலாம். வெளிநாட்டு வங்கி அட்டை என்றால், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள். குறுகிய பயணத்துக்கு இதுவே போதும். பல நாள் தங்கினால் முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் ஈஸி-லிங்க் பயண அட்டையை அங்கேயே வாங்கிக்கொள்வது மேல். இந்திய அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் வங்கிச் செயலியில் கிளம்பும் முன்பே இயக்கி வையுங்கள்.

ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு, உடன் பெரியவர் இருந்தால் கட்டணமில்லை. அப்புறம், ஏறும்போது போனைத் தட்டினால் இறங்கும்போதும் போனையே தட்டுங்கள். அட்டையை மாற்றித் தட்டினால் இரண்டிலும் காசு போகும். பேருந்தில் இறங்கும்போது தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணத்தை எடுத்துவிடுவார்கள்.