36 டிரிபிள்: 1912 பட்டியலைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, டிரிபிள் என்றதும் ஓடி எடுத்த மூன்று ரன்தான் நினைவுக்கு வரும். முதல் தவறு அதுதான். பேஸ்பாலில் ஓடித் தொட வேண்டிய இடங்கள் நான்கு, அவைதான் பேஸ்கள். நான்காவதான ஹோமைத் தொட்டால்தான் ரன். டிரிபிள் என்பது ஒரே அடியில் மூன்றாவது பேஸ் வரை ஓடிச் சேர்வது. அடித்தவர் கணக்கில் அதற்காக ஒரு ரன்கூட ஏறாது. அடுத்து வருபவர்கள் சொதப்பினால், அவர் மூன்றாவது பேஸில் நின்றபடியே அணியின் இன்னிங்ஸ் முடிந்துவிடும்.

1912இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஓவன் வில்சன் 36 டிரிபிள் அடித்தார். ஒரு சீசனில் அதைத் தாண்டியவர் இன்றுவரை இல்லை. 2007இல் கர்டிஸ் கிராண்டர்சன் 23 அடித்ததே பெரிய செய்தியானது.

இத்தனை டிரிபிள் அடித்தவர் மின்னல் வேக ஓட்டக்காரராக இருந்திருப்பார் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பந்தை யாரும் அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதை ‘பேஸ் திருடுவது’ என்பார்கள். அந்த ஆண்டு வில்சன் திருடிய பேஸ்கள் 16தான். அவர் ஆடிய அதே நேஷனல் லீக்கில் பாப் பெஷர் 67 திருடினார். கால் வேகம் வேண்டும்தான், ஆனால் பந்து எங்கே போய் விழுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். வில்சன் இடது கை பேட்டர், அப்படிப்பட்டவர்கள் ஓங்கி அடிக்கும் பந்து பெரும்பாலும் வலது பக்கம்தான் போகும். வலது மூலைக்குப் போன பந்தை மூன்றாவது பேஸுக்கு எறிய மைதானத்தையே குறுக்கே கடக்க வேண்டும்.

அப்புறம் மைதானம். பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் நடுப்பக்க வேலி 462 அடி தள்ளி இருந்தது. ஏறக்குறைய 141 மீட்டர். இன்றைய கிரிக்கெட் பவுண்டரியை இரண்டு முறை வைத்தால் வரும் தூரம். அடிக்க அடிக்கத் தொய்ந்துபோன பந்தையே அன்று தொடர்ந்து பயன்படுத்தினார்கள். வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆவது அபூர்வம், பீல்டரைத் தாண்டி உருள்வது சகஜம். இன்றைய கண்ணோடு பார்த்து, “36 டிரிபிள் அடித்தவர் ஏன் 11 ஹோம் ரன்தான் அடித்தார்?” என்று கேட்பதில் அர்த்தமில்லை.

சரி, எல்லாம் மைதானத்தின் புண்ணியம் என்று தள்ளிவிடலாமா? அதுவும் தவறு, என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. சொந்த மைதானத்தில் 24, வெளியூரில் 12. வேறு எந்தச் சீசனிலும் வில்சன் மொத்தமாகவே 14ஐத் தாண்டியதில்லை. அதாவது வெளியூரில் மட்டும் அவர் அடித்தது, அவருடைய வழக்கமான ஒரு முழுச் சீசனுக்குச் சமம். அதே அணியில், அதே மைதானத்தில் ஆடிய ஹோனஸ் வாக்னர் 20 அடித்தார். அந்த ஒரு வருடம் வில்சன் தொட்டதெல்லாம் துலங்கியது என்றுதான் சொல்ல முடிகிறது.

நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்று தனித்தனிப் பட்டியல் கொண்ட இரண்டு லீக்குகளையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. அமெரிக்கன் லீக்கில் அந்த ஆண்டு ஜோ ஜாக்சன் 26 அடித்து முதலிடம் பிடித்தார். அவரை வில்சனுக்கு அடுத்து ‘இரண்டாவது’ என்று எழுதினால், அவருடைய பட்டம் காணாமல் போய்விடும்.

வில்சனின் பட்டப்பெயர் ‘சீஃப்’. அன்றைய அமெரிக்கப் பூர்வகுடி ஆட்டக்காரர்களை அப்படி அழைத்ததால், இவரையும் அதில் சேர்த்துவிடுவார்கள். இவர் டெக்சாஸ்காரர், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் என்ற காவல் படையின் தலைவர் மாதிரி இருக்கிறார் என்று மேனேஜர் ஃப்ரெட் கிளார்க் வைத்த பெயர் அது.

கணக்கெழுதும் விதியையும் பார்க்க வேண்டும். டபுளை, அதாவது இரண்டாவது பேஸ் வரையான அடியை, டிரிபிளாக்க முயன்று மூன்றாவது பேஸில் அவுட்டானால் டபுள்தான். மூன்றாவதைத் தொட்டபின் ஹோமுக்கு ஓடி அவுட்டானால், டிரிபிள் நிலைக்கும். வில்சனின் 36ஆவது டிரிபிள் அப்படி வந்ததுதான், சீசனின் கடைசி நாளில்.

அன்று யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. 1903இல் நேப் லாஜோய் என்ற ஆட்டக்காரர் 43 டிரிபிள் அடித்தார் என்ற தப்பான கணக்கைப் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். லாஜோய் அந்த ஆண்டு உண்மையில் அடித்தது 11.