பச்சைக்குள் இருக்கும் மஞ்சள்: சின்னப் பிள்ளைகளோடு ஓர் இலையுதிர்காலச் செய்முறை

ரொறன்ரோவில் புரட்டாதி பிறந்துவிட்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும் சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் ஒரு இலையாவது இருக்கும். "அம்மா, இதுக்கு ஆர் நிறம் பூசினது?" என்று என் மகள் நாலு வயதில் கேட்டாள். "குளிருக்குப் பழுத்துப் போச்சு" என்று சொல்லி அடுப்படிக்குப் போயிருக்கலாம். ஆனால் உண்மையான பதில் அதைவிட அழகானது. அந்த மஞ்சள் புதிதாக வந்ததல்ல, கோடை முழுவதும் அந்த இலைக்குள்ளேயே இருந்தது. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் பிரித்துக் காட்டுவது எளிது. அதற்குச் சமையலறை மேசையும் ஒரு பின்னேரமும் போதும்.

நாலு வயது முதல் எட்டு வயது வரையான பிள்ளைகளுக்கு இது பொருந்தும். வீட்டில் அம்மம்மாவோ தாத்தாவோ இருந்தால் அவர்களையும் மேசைக்குக் கூப்பிடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எப்போது தொடங்குவது?

செப்டெம்பர் கடைசி அல்லது ஒக்ரோபர் முதல் வாரம். நாங்கள் முதல் வருடம் ஒக்ரோபர் கடைசிவரை பொறுத்திருந்தோம். நிறம் நன்றாக ஏறட்டும் என்று நினைத்தோம். பிறகு பார்த்தால், சோதனைக்குத் தேவையான பச்சை இலை எங்கள் வளவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிந்திவிட்டவர்களுக்கு நோர்வே மேப்பிள் கைகொடுக்கும். தெருவோரங்களில் நிறைய நிற்கிற அந்த மரம் மற்ற மேப்பிள்களைவிடப் பிந்தித்தான் மஞ்சளாகும். அதன் காம்பை ஒடித்தால் பால் வரும், சீனி மேப்பிளின் காம்பில் வராது. பிள்ளைகளுக்கு மரம் பிரித்தறியச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒருமுறை காட்டினால் போதும், தெருவில் உள்ள மரமெல்லாம் ஒடித்துப் பார்ப்பார்கள். (பிறகு கை கழுவ வையுங்கள்.)

படி 1: ஒரு கிளைக்கு நூல் கட்டுங்கள்

வளவில் அல்லது வீட்டுக்கு அருகில், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கிளையைத் தெரிவு செய்யுங்கள். சிவப்புக் கம்பளி நூலை அதில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் கிளையைக் காயப்படுத்தும். இனி வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், அதே கிளையைப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததைப் பிள்ளை ஒரு கொப்பியில் வரையட்டும். நிறம் பிழையாக இருந்தாலும் திருத்தாதீர்கள். திகதியை மட்டும் நீங்கள் எழுதுங்கள்.

படி 2: இலை பொறுக்கப் போங்கள்

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. நிறங்களைப் பார்க்க அங்கே போங்கள். ஆனால் பொறுக்குவதை வீட்டு வளவிலும் தெருவோரத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது.

அங்கே இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, பொய்சன் ஐவி. மூன்று மூன்று இலையாக நிற்கும், இந்தக் காலத்தில் அழகான சிவப்பாக மாறி, தொடச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடும். தொட்டால் தோல் கொப்புளிக்கும். மற்றது உண்ணி. காற்சட்டையின் கால்களைச் சொக்ஸுக்குள் விட்டு நடக்க வையுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள்.

பொறுக்கிய இலைகளை மேசையில் கொட்டி, பிள்ளையே பிரிக்கட்டும். எப்படிப் பிரிப்பது என்று சொல்லாதீர்கள். நிறத்தால் பிரிப்பவரும் உண்டு, அளவால் பிரிப்பவரும் உண்டு. "பூச்சி கடிச்சது, கடிக்காதது" என்று என் மகன் பிரித்தான். பிரித்து முடித்ததும் ஏன் அப்படி என்று கேளுங்கள்.

படி 3: பச்சையைப் பிரித்துப் பாருங்கள்

தேவையானவை: எட்டுப் பத்துப் பச்சை இலைகள், ஒரு ஜாம் போத்தல், பார்மசியில் விற்கும் ரப்பிங் அல்ககோல், கோப்பி வடிகட்டும் வெள்ளைக் கடதாசி, ஒரு பென்சில், ஒரு கிண்ணம் சுடுதண்ணீர்.

முதலில் பாதுகாப்பு. ரப்பிங் அல்ககோல் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் செய்யவே கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஊற்றுவது பெரியவரின் வேலை, கிழிப்பதும் பார்ப்பதும் பிள்ளையின் வேலை.

1. இலைகளைப் பிள்ளை துண்டு துண்டாகக் கிழித்துப் போத்தலில் போடட்டும். எவ்வளவு சிறிதாகக் கிழிக்கிறதோ அவ்வளவு நல்லது.

2. இலை மூழ்கும் அளவுக்கு மட்டும் அல்ககோல் ஊற்றி, மரக்கரண்டிக் காம்பால் நன்றாக நசியுங்கள். இந்த இடத்தில்தான் பலருக்கும் பிழைக்கிறது. அல்ககோல் கூடினால் சாறு வெளிறிவிடும், கடதாசியில் ஒன்றும் தெரியாது.

3. போத்தலின் வாயைத் தளர்வாக மூடி, குழாயில் பிடித்த சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் அரை மணிநேரமாவது வையுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். சாறு கடும் பச்சையாக வேண்டும்.

4. கடதாசியை இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில் நீளமாக வெட்டி, ஒரு முனையைப் பென்சிலில் ஒட்டுங்கள். பென்சிலைப் போத்தலின் வாயில் குறுக்காக வைத்து, மற்ற முனை சாற்றைத் தொடும்படி தொங்கவிடுங்கள்.

5. அரை மணி முதல் ஒன்றரை மணிநேரம் வரை பொறுங்கள். சாறு மெல்ல ஏறும். பிறகு கடதாசியை எடுத்து உலரவிடுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி: "என்ன நிறம் வரும்?" எல்லாப் பிள்ளைகளும் "பச்சை" என்றுதான் சொல்வார்கள். பச்சை வரும். அதோடு, அதிலிருந்து விலகி ஒரு மெல்லிய மஞ்சளும் வரும். வெளிறித்தான் இருக்கும், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்வரை வாய் திறக்காதீர்கள். முதல் முறை தெளிவாக வராவிட்டால் பசளிக் கீரையில் செய்து பாருங்கள்.

படி 4: இப்போது கதையைச் சொல்லுங்கள்

இலைக்குப் பச்சை நிறம் கொடுப்பது பச்சையம். வெயிலைப் பிடித்து மரத்துக்குச் சாப்பாடு செய்வதும் அதுதான். பகல் குறையக் குறைய மரம் புதிய பச்சையம் செய்வதை நிறுத்துகிறது, இருந்ததும் சிதைகிறது. அப்போது அதற்கு அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் வேறு. இலையில் தங்கிப்போன சீனியிலிருந்து மரம் அதை அந்த நேரத்தில்தான் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் சிவப்பு ஏறும்.

"அம்மம்மா வீட்டு மாமரம் ஏன் இப்படி மாறேல்லை?" என்று உங்கள் பிள்ளையும் கேட்கலாம். ரொறன்ரோவில் செப்டெம்பர் 22 வாக்கில் 12 மணிநேரமாக இருக்கும் பகல், டிசெம்பர் 21இல் 9 மணிநேரத்துக்குச் சுருங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகல் 12 மணிநேரத்தை ஒட்டியே இருக்கும், குளிரும் இல்லை. அங்கே மாமரத்துக்கு இலையைக் கழற்றிவிடக் காரணம் இல்லை. ஆனால் மாந்தளிர் செம்பு நிறத்தில் வருமே, அந்தச் சிவப்பும் மேப்பிளின் சிவப்பும் ஒரே வகைப் பொருள். அங்கே பிறக்கிற இலையிலும் இங்கே விழுகிற இலையிலும் அது இருக்கிறது. இதை நான் சொன்னபோது என் அம்மாவே எழும்பி வந்து கடதாசியைத் திரும்பப் பார்த்தார்.

அம்மம்மாவைக் கூப்பிடச் சொன்னது இதற்காகத்தான். இலைக்குத் தமிழில் வயதுக்கு ஒரு பெயர் உண்டு: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. இங்கே பிறந்த பிள்ளைகள் "லீஃப்" என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். பொறுக்கிய இலைகளை இந்த வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். கொழுந்துக்கும் தளிருக்கும் மட்டும் சித்திரை, வைகாசி வரை வெற்றிடம் விட வேண்டும். "காவோலை விழக் குருத்தோலை சிரிச்சதாம்" என்ற பழமொழியை அம்மம்மா தன் வாயால் சொன்னால், பனை எப்படி இருக்கும் என்ற அடுத்த கேள்வி தானே வரும்.

மிச்ச நாட்களுக்கு

இலையைக் கடதாசிக்கு அடியில், நரம்புப் பக்கம் மேலே தெரிய வைத்து, கிரேயோனைப் படுக்கவைத்துத் தேய்க்கலாம். கனமான புத்தகத்துக்குள் இரண்டு வாரம் வைத்தால் இலை தட்டையாக உலரும். மேப்பிள் விதையை மாடிப்படியிலிருந்து விட்டால் சுழன்று மெதுவாக இறங்கும். செட்டையை வெட்டிவிட்டு இன்னொன்றை விடுங்கள், கல் மாதிரி விழும். எது தூரம் போகும் என்று பிள்ளையே சொல்லிவிடும்.

நூல் கட்டிய கிளையில் கடைசி இலையும் விழுந்த பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். காம்பு இருந்த இடத்தில் சிறிய தழும்பு இருக்கும். அதற்கு மேலே, விரல் வைத்தால் தட்டுப்படுகிற மாதிரி, அடுத்த வருடத்து மொட்டு ஏற்கெனவே வந்திருக்கும். பிள்ளையின் விரலைப் பிடித்து அதில் வையுங்கள். நூலை அவிழ்க்க வேண்டாம், சித்திரையில் அதே கிளையைத் தேட அது வேண்டும்.