ஏடிவி, யூடிவி வண்டிகளுக்கு டயர் வாங்கும் முன்: மண், முள், காற்று

மழை விட்ட கையோடு கோலாலம்பூர் அருகே கெமென்சா பக்கத்துச் செம்மண் மேட்டில் ஏடிவியை (ஹேண்டில் பிடித்து ஓட்டும் நாலு சக்கரக் காட்டு வண்டி; காரைப்போல் ஸ்டீயரிங் உள்ளது யூடிவி) ஏற்றினால், போட்டிருக்கும் டயர் எப்படிப்பட்டது என்று உடனே தெரிந்துவிடும். பல்லிடுக்கில், அதாவது டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே, களிமண் அப்பிக்கொண்ட டயர் நாலைந்து சுற்றில் வழவழவென்ற உருளை ஆகிவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் வண்டி நின்ற இடத்தில்தான் சுற்றும். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பல்லின் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். நம் செம்மண்ணுக்கு உயரத்தைவிடப் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் முக்கியம். அப்பிய சேற்றைச் சக்கரம் சுழலும்போதே உதற அங்கே இடம் வேண்டும்.

எந்த மண்ணில் ஓட்டப்போகிறீர்கள்?

உலு லங்காட், பத்தாங் காலி, கெமென்சா வட்டாரச் செம்மண் பாதைகளில் மேலே இரண்டு மூன்று அங்குலம் வழுக்கினாலும் அடியில் பெரும்பாலும் கெட்டித் தரை கிடைக்கும். டயர் அந்த வழுக்கலை வெட்டிக்கொண்டு தரையைத் தொட வேண்டும். ஒன்று முதல் ஒன்றேகால் அங்குல உயரப் பல், அகன்ற இடைவெளி, முன்சக்கரம் குறுகலாக 8 அங்குல அகலம்: இதுவே போதும். முன்னால் அகலமான டயர் போட்டால் அது சேற்றின் மேல் மிதக்கும். திருப்பினாலும் வண்டி நேராகவே போகும்.

கோல லங்காட் பக்கத்துக் கருஞ்சதுப்பில், மலாயில் தானா கம்புட் என்கிறோமே, அங்கே கதை தலைகீழ். தொடுவதற்கு அடியில் கெட்டித் தரையே இல்லை. இரண்டு அங்குலப் பல் வைத்த சேற்று டயர் தோண்டத் தோண்ட இறங்கி, வண்டியின் வயிறு மண்ணில் உட்காரும்வரை நிற்காது. அகலமான, தோள் (பக்கச் சுவரைச் சேரும் ஓரம்) உருண்ட, பல் தாழ்ந்த டயரில் காற்றைக் குறைத்து, முறுக்காமல் மெதுவாக ஓட்ட வேண்டும்.

செம்பனைத் தோட்டத்தில் சேற்றைவிட முள்தான் பகை. வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு நடுவே அடுக்கியிருப்பார்கள். காய்ந்த மட்டையின் அடிப்பகுதி முள் டயரின் பக்கச் சுவரைக் குத்தும். தோட்டத்தில் ஓடும் வண்டிக்கு 6 பிளைக்குக் குறைவாக வாங்காதீர்கள். பாரம் ஏற்றினால் 8 பிளை. 6 பிளை என்றால் உள்ளே ஆறு அடுக்குத் துணி இருக்கிறது என்று பொருள் இல்லை, அது வலுவைச் சொல்லும் ஓர் அளவு. பிளை கூடக்கூட டயர் கனக்கும், விறைக்கும், கல்லில் கொஞ்சம் குலுக்கும். ஆனாலும் காட்டு நடுவே பஞ்சராகி நிற்பதைவிட அந்தக் குலுக்கலைத் தாங்கிக்கொள்ளலாம்.

பினாங்கில் பாலிக் புலாவ் டுரியான் தோப்புகளுக்கு ஏறும் பாதைகளில் செங்குத்தான சிமெண்டுப் பகுதிகள் உண்டு. மற்ற இடங்களில் உதிர்ந்த கருங்கல் மணல். அங்கே உயரப் பல் டயர் சிமெண்டில் நெளியும், வளைவில் பிடி விடும், பல்லின் ஓரம் சீக்கிரமே பிய்ந்துபோகும். முக்கால் அங்குலப் பல் நெருக்கமாக உள்ள எல்லாத் தரை டயரே அங்கே நல்லது. ஈரமான ஆற்றுக் கல்லில் பல்லின் உயரத்தால் பயனில்லை. ரப்பர் மென்மையாகவும் காற்று குறைவாகவும் இருந்தால்தான் கல்லைக் கவ்வும்.

பக்கச் சுவர் எண்கள்

25×8-12 என்றால் டயரின் மொத்த உயரம் 25 அங்குலம், அகலம் 8, ரிம் 12. அகலத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் கோடு இருந்தால் குறுக்குப் பின்னல் டயர், அதாவது உள்ளே இழைகள் குறுக்கு மறுக்காக ஓடுவது. அங்கே ஆர் (R) எழுத்து இருந்தால் ரேடியல். ரேடியல் கல்லிலும் வேரிலும் படிந்து ஓடும், குலுக்கல் குறைவு. குறுக்குப் பின்னல் டயர் விலை மலிவு, பக்கச் சுவர் விறைப்பு. நான்கு சக்கர இயக்க ஏடிவிகளில் முன்னால் 25×8-12, பின்னால் 25×10-12 பரவலான அளவு. யமஹா ராப்டர் 700 போன்ற விளையாட்டு வண்டியில் முன்னால் 21×7R10, பின்னால் 20×10R9. இரண்டையும் குழப்பி வாங்கினால் ரிம்மிலேயே ஏறாது.

ரிம்மும் சேர்த்து மாற்றினால் போல்ட்டு அளவைச் சரிபாருங்கள். ஹோண்டா, யமஹா வண்டிகள் பலவற்றில் 4×110, கேன்-ஆம் வண்டிகள் பலவற்றில் 4×137, போலாரிஸ் வண்டிகள் பலவற்றில் 4×156. அதாவது நான்கு போல்ட்டு, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில். பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருந்தால் அதையும் படியுங்கள்: 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வெக்கையான கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த டயரின் ரப்பர் இறுகியிருக்கும். பல்லை நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரியும்.

பெரிய டயர் போடலாமா?

25-இலிருந்து 27-க்குப் போனால் தரை இடைவெளி ஒரே ஓர் அங்குலம்தான் கூடும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 8 விழுக்காடு கூடுதல் தூரம் போக வேண்டும். தரையில் இறங்கும் இழுவிசை ஏறக்குறைய அதே அளவு குறையும், எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் சிவிடி பெல்ட்டு சூடேறி வழுக்கும். கனமான சேற்று டயர் என்றால் அச்சு மூட்டுகளும் சீக்கிரம் தேயும். இந்த அளவைத் தாண்டுவதானால் கிளட்ச் எடைகளையும் ஸ்பிரிங்கையும் மாற்றும் செலவைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மாட்டியதும் இருவரை உட்காரவைத்து, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிளாஸ்டிக்கிலோ பிரேக் குழாயிலோ டயர் உரசுகிறதா என்று பாருங்கள்.

நான்கு சக்கர இயக்கம் என்றால் முன், பின் சுற்றளவு விகிதம் தொழிற்சாலையில் வந்தபடியே இருக்க வேண்டும். அச்சிட்ட அளவை நம்பாதீர்கள். ஒரே 25 என்று போட்ட இரண்டு நிறுவன டயர்கள் அரை அங்குலம் வேறுபடுவதுண்டு. சரியான காற்று அடித்து, டயரிலும் தரையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி நீளத்தை அளந்து பாருங்கள். பழைய டயரைக் கழற்றும் முன்பே இப்படி அளந்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி. விகிதம் தவறினால் கெட்டித் தரையில் கியர் பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சூடேறும், திருப்பும்போது கனக்கும்.

காற்று

நல்ல டயரை அதிகக் காற்று கெடுத்துவிடும். ஏடிவிக்குப் பொதுவாக 4 முதல் 7 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), யூடிவிக்கு 10 முதல் 16 பிஎஸ்ஐ. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. பெட்ரோல் நிலையக் காற்று இயந்திரம் காருக்கு 220 கிலோபாஸ்கல் அடிக்கச் செய்தது, 35 கிலோபாஸ்கலை, அதாவது 5 பிஎஸ்ஐயை, அதில் துல்லியமாகப் பிடிப்பது கடினம். 0 முதல் 20 பிஎஸ்ஐ வரை காட்டும் தாழ்வழுத்த மானியும் ஒரு கால் பம்பும் வாங்கி வையுங்கள். காலையில், டயர் சூடாகும் முன் அளக்க வேண்டும். 5 பிஎஸ்ஐயில் ஒரு பக்கம் 1 குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். சேற்றுக்காகக் குறைப்பதானால் ஒவ்வொரு பிஎஸ்ஐயாகக் குறையுங்கள், கையேட்டின் கீழெல்லைக்குக் கீழே போகாதீர்கள். அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் விளிம்பு ரிம்மைவிட்டு நழுவும், கல் மோதினால் ரிம் நெளியும்.

மாட்டும்போது விளிம்பில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, சுழலும் திசை அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். விளிம்பு உட்காரவில்லை என்று பக்கச் சுவரில் போட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டிக் காற்றடிக்கக் கூடாது. டயர் வெடித்தால் கை போய்விடும். காற்றை இறக்கி, மறுபடி தடவி, திரும்ப அடியுங்கள். நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் மீண்டும் சரிபாருங்கள்.

வண்டியில் எப்போதும் ஓட்டையை அடைக்கும் பஞ்சர் செருகுப் பெட்டி இருக்கட்டும். தரை தொடும் பகுதியில் முள் குத்திய ஓட்டைக்குச் செருகு நெடுநாள் தாங்கும். பக்கச் சுவரில் அடித்த செருகு வீடு வந்து சேரும்வரைதான். அந்த டயரோடு மறுபடி காட்டுக்குள் போகாதீர்கள்.