நெட்வொர்க் பிரிட்ஜில் ஓடும் டேட்டாவை அளப்பது எப்படி? பிஆர்0-வை மட்டும் நம்பாதீர்கள்

மஞ்சக்குப்பத்தில் மாமா நடத்தும் டியூஷன் சென்டரில் சாயங்காலம் 6 மணியானால் நெட் படுத்துவிடும். யார் இழுக்கிறார்கள் என்று பார்க்க, இரண்டு லேன் கார்டு போட்ட பழைய டெபியன் லினக்ஸ் பெட்டி ஒன்றை ரவுட்டருக்கும் சுவிட்ச்சுக்கும் நடுவே பிரிட்ஜாக, அதாவது ஒரு பக்கம் வருவதை மறுபக்கம் தாண்டவிடும் பாலமாக வைத்தேன். ரவுட்டர் பக்கம் ஈத்0, சுவிட்ச் பக்கம் ஈத்1, இரண்டையும் சேர்த்தது பிஆர்0. பிரிட்ஜ் கட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் புதுச்சேரியில் இருப்பதால், கட்டளைகளை மாமாவுக்குப் போனில் சொல்லித்தான் தட்டவைத்தேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில், ஐபி மைனஸ் எஸ் லிங்க் ஷோ பிஆர்0. ஆர்எக்ஸ் (உள்ளே வந்தது), டிஎக்ஸ் (வெளியே போனது) என்று இரண்டு வரிசை வரும். அடியில் பைட், பாக்கெட் (டேட்டா துண்டு), எரர், டிராப் (கைவிட்டவை).

இங்கேதான் அரை நாள் போனது. பையன்கள் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பிஆர்0 எண் நகரவே மாட்டேன் என்கிறது! கேபிளைப் பிடுங்கி மாட்டியும் பார்த்தார் மாமா. கேபிள்மேல் தப்பே இல்லை. பிஆர்0 எண்ணுவது அந்தப் பெட்டிக்கே வருவதையும், பெட்டியே அனுப்புவதையும்தான். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பும் பிராட்காஸ்ட்டும் அதில் சேரும். ஈத்0-வில் நுழைந்து ஈத்1 வழியாக வெளியேறும் பாக்கெட் பிஆர்0 கணக்கில் ஏறாது.

அதனால் பிரிட்ஜின் போர்ட்டை, அதாவது ஈத்0 அல்லது ஈத்1-ஐப் பாருங்கள். அதே கட்டளை, கடைசியில் ஈத்0. அங்கே ஆர்எக்ஸ் என்றால் டவுன்லோடு, டிஎக்ஸ் என்றால் அப்லோடு. ஈத்1-இல் இது தலைகீழ். இரண்டு போர்ட்டையும் கூட்டிவிடாதீர்கள், ஒரே பாக்கெட் இரண்டு தடவை கணக்கில் வரும்.

கரண்ட் போய்ப் பெட்டி மறுபடி எழுந்தால் இந்த எண்களெல்லாம் பூஜ்யம். கடலூரில் மழைக்காலத்தில் இது சரிப்படாது. அதற்கு விஎன்ஸ்டாட் என்ற மென்பொருளைப் போடுங்கள். பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்காது, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எண்ணியதை எடுத்துச் சேமித்துவைக்கும், அவ்வளவுதான். பழைய பெட்டிக்குப் பாரமே இல்லை. நிறுவி 5 நிமிடம் பொறுத்து, விஎன்ஸ்டாட் மைனஸ் ஐ ஈத்0 மைனஸ் டி. நாள்வாரிக் கணக்கு வரும். வண்ண வண்ண கிராஃப் போடும் பெரிய மென்பொருள்கள் இருக்கின்றன, ஒரு டியூஷன் சென்டருக்கு அதெல்லாம் ஓவர்.

யார் இழுக்கிறார்கள் என்று தெரிய, ஐபி வாரியாகக் காட்டும் ஐஎஃப்டாப்: ஐஎஃப்டாப் மைனஸ் பி மைனஸ் ஐ ஈத்1. அந்த மைனஸ் பி, பெட்டியைக் கடந்து போகும் பிறர் பாக்கெட்டுகளையும் கணக்கில் எடுக்கச் சொல்வது. எங்கள் விஷயத்தில் பையன்கள் பாவம். அப்லோடை அடைத்தது மாமாவே மாட்டிய கேமரா ரெக்கார்டர், பேக்கப் நேரம் 6 மணி! இரவு 11-க்கு மாற்றிவிட்டோம்.

பின்சேர்க்கை: "எனக்கு பிஆர்0-விலேயே எண் ஏறுகிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். விசாரித்தால், பக்கத்து விண்டோவில், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை பிஆர்0 மேல் ஓடவிட்டிருக்கிறார். அது பிஆர்0-வை, தனக்கு வராததையும் வாங்கிக்கொள்ளும் புரொமிஸ்குவஸ் நிலைக்கு மாற்றும். அப்போது கடந்து போகும் பாக்கெட்டின் நகலும் மேலே வந்து ஆர்எக்ஸில் ஏறும். டிசிபிடம்ப்பை நிறுத்திவிட்டு எண்ணைப் பாருங்கள்.