ஒருவர் டைவர், மற்றவர் இல்லை: தீவு விடுமுறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கூபா டைவர் (காற்றுக் கலனோடு கடலுக்கடியில் நீந்துபவர்) ஒருவர் விடுமுறைக்குத் தீவு தேடினால், எந்த டைவ் தளத்தில் என்ன மீன், தண்ணீர் எவ்வளவு தெளிவு என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். கூட வரும் துணை காலை ஏழு மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை என்ன செய்வார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. முதல் தவறு அதுதான். மற்றவற்றில் பாதி அதிலிருந்தே முளைக்கிறது.

படகில் போய் இரண்டு டைவ் என்றால் ஒவ்வொன்றும் 45 முதல் 60 நிமிடம், நடுவில் ஒரு மணி நேர இடைவெளி, போக வரப் பயணம், கருவிகளைக் கழுவும் வேலை. ஏழரைக்குக் கிளம்பியவர் அறைக்கு வர ஒரு மணி ஆகிவிடும். சாப்பிட்டதும் கண் சொக்கும். அந்தமானில் டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து இருப்பது மூன்று மணி நேரம் தேறினால் அதிகம். ஆகவே டைவ் செய்யாதவரின் காலைப்பொழுதை வைத்துத்தான் தீவையும், அதில் எந்தக் கரை என்பதையும் முடிவு செய்ய வேண்டும்.

கரை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தமானின் ஹேவ்லாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள் (இப்போதைய பெயர் சுவராஜ் தீவு). டைவ் ஷாப்புகளும் பெரும்பாலான விடுதிகளும் கிழக்குக் கரையில், 3, 5 எண் கடற்கரைகளை ஒட்டி இருக்கின்றன. டைவருக்கு வசதி, அறையிலிருந்து நடந்தே படகுக்குப் போகலாம். ஆனால் அங்கே ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) வற்றும்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமும் சேறும்தான் மிஞ்சும். முழங்கால் நனைவதற்கே செருப்போடு நடக்க வேண்டும். நீந்தத் தோதான ராதாநகர் கடற்கரை மேற்குக் கரையில், படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். தேதி குறிப்பதற்கு முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். வற்றும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை எட்டு மணிக்கு வற்றினால் நான்காம் நாள் பத்தரை வாக்கில் வற்றும். துணையின் காலைப்பொழுது முழுக்க அதிலேயே போய்விடும். அப்படிப்பட்ட தேதி என்றால் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாம், இல்லையென்றால் மேற்குப் பக்கமே தங்கி டைவர் அதிகாலையில் கிழக்கே போகட்டும்.

“நீயும் படகில் வா, மேலே ஸ்நோர்கெல் செய்துகொள்” (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மேற்பரப்பில் மிதந்தபடி பார்ப்பது) என்பது அடுத்த தவறு. நல்ல டைவ் தளம் நல்ல ஸ்நோர்கெல் தளமாக இருப்பது அபூர்வம். ஹேவ்லாக்கின் பெயர்பெற்ற டைவ் தளமான டிக்சன்ஸ் பினக்கிள் என்ற கடலடிப் பாறையின் உச்சியே 15 மீட்டருக்கும் கீழே. மேலே மிதப்பவருக்கு வெறும் நீலம்தான் தெரியும், கூடவே நீரோட்டம். நிழலில்லாத படகில், அலையில் ஆடியபடி ஐந்து மணி நேரம் காத்திருந்தவர் மறுநாள் வரமாட்டார். அன்றைய தளங்களில் ஒன்றிலாவது ஐந்து மீட்டருக்குள் பவளம் உள்ளதா, ஸ்நோர்கெல் செய்பவரோடு தண்ணீரில் இறங்கத் தனி ஆள் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் துணை கரையில் இருப்பதே மேல்.

மாலத்தீவில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு ஹவுஸ் ரீஃப், அதாவது தீவைச் சுற்றிக் கரையிலிருந்தே நீந்திப் போகக்கூடிய பவளப்பாறை. ஆனால் எல்லா ரிசார்ட்டிலும் அது இருக்காது. விளம்பரப் படத்தை நம்பாமல் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிர்நீலம் கருநீலமாக மாறும் விளிம்பு கரையிலிருந்து 30, 50 மீட்டரில் இருந்தால் துணைக்குத் தினமும் வேலை இருக்கிறது. 300 மீட்டர் என்றால் மணலுக்கு மேல் நீந்திக் களைத்துப் போவார். நீச்சல் தெரியாதவருக்கு மட்டும் அந்த ஆழமற்ற பரப்பு நல்லது.

டைவர் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் தீவுக்கு நல்ல உதாரணம் மாலத்தீவின் ஃபுவஹ்முலா. புலிச்சுறா பார்க்க அதைவிடத் தோதான இடம் சொல்வது கடினம். ஆனால் அந்தத் தீவைச் சுற்றி அமைதியான காயல் கிடையாது. கரையில் அலை நேராக மோதும். பாஆ பவளத்தீவுக்கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடா இதற்கு நேர்மாறு. மே கடைசியிலிருந்து நவம்பர் வரை மாந்தா திருக்கைகள் கூட்டமாக இரை தேடி வரும் அந்த இடத்தில் ஸ்கூபாவுக்கே தடை. எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் ஸ்நோர்கெல்தான். இருவரும் ஒன்றாகப் பார்க்கலாம் என்பதால், இப்படிப்பட்ட ஒரு நாளையாவது திட்டத்தில் வைப்பது நல்லது. ரிசார்ட் அல்லாத, மக்கள் வாழும் தீவு என்றால் மது கிடையாது, நீச்சல் உடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். பணம் கட்டுவதற்கு முன்பே இதைத் துணையிடம் சொல்லிவிடுங்கள்.

பருவம் பார்க்காமல் இலங்கைக்குப் பதிவு செய்வதும் அடிக்கடி நடக்கிறது. ஹிக்கடுவை, உனவட்டுன இருக்கும் தென்மேற்குக் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல். திருகோணமலைக்கு மே முதல் செப்டம்பர். மாற்றிப் போனால் கலங்கிய தண்ணீர்தான். ஒருவர் மட்டும் டைவ் செய்யும் தம்பதிக்கு எங்கள் பரிந்துரை திருகோணமலை அருகிலுள்ள நிலாவெளி. டைவர் காலையில் கடலுக்குப் போகட்டும். மற்றவர் கோணேசுவரம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்று போய் வரலாம். பிற்பகலில் அருகிலுள்ள புறாத்தீவின் ஆழமற்ற பவளத்துக்கு மேல் கருந்துடுப்புச் சுறாக் குட்டிகளை இருவரும் பார்க்கலாம்.

“அங்கே போய் நீயும் கற்றுக்கொள்ளேன்” என்று ஒரு வாரப் பயணத்தில் ஓபன் வாட்டர் பயிற்சியை (டைவ் செய்வதற்கான முதல்நிலைச் சான்றிதழ்ப் படிப்பு) திணிக்காதீர்கள். அதற்கு மூன்று, நான்கு நாள் போகும். சளி பிடித்துக் காதின் அழுத்தம் சமன் ஆகாவிட்டால் பாதியில் நிற்கும். உண்மையிலேயே ஆசை என்றால் பாடமும் நீச்சல்குளப் பயிற்சியும் ஊரிலேயே முடித்துவிட்டு, கடல் டைவ்களை மட்டும் தீவில் வையுங்கள். சும்மா ருசி பார்க்க, பயிற்றுநர் கூடவே இருக்கும் ட்ரை டைவ் போதும். 12 மீட்டருக்குக் கீழே போகமாட்டார்கள். ஆஸ்துமா போன்றவை இருந்தால் மருத்துவரின் கையெழுத்தை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள்கணக்கில் படகிலேயே தங்கி டைவ் செய்யும் லிவ்அபோர்ட் படகு? டைவ் செய்யாதவரோடு வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு டைவ் என்று ஓடும் படகில் அவருக்கு மொட்டைமாடியும் புத்தகமும்தான்.

கடைசி நாளில் டைவ் வைக்காதீர்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 24 வைத்துக்கொண்டால் கவலையில்லை. மாலத்தீவில் கடல் விமானத்தில் திரும்புபவர்கள் அந்தக் கணக்கை மாலேயிலிருந்து அல்ல, தீவிலிருந்து கிளம்பும் நேரத்திலிருந்தே போட வேண்டும். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பதால் காலையிலேயே கிளம்ப நேரலாம். அதனால் முந்தைய நாள் காலை டைவையும் விட வேண்டியிருக்கும்.